பார்க்காமல் எழுதிய கட்டுரை

1

நான் நியூசிலாந்துக்கு வந்து போன மாதத்தோடு பதினோரு ஆண்டுகள் நிறைந்தன. மகள் வாசுகி கேக் வாங்கி வந்தாள். என் மனைவி போன பிறகு இந்த மாதிரி நாள்களை நினைவில் வைத்திருப்பவள் அவள்தான். பேத்தி மாயா கேக்கின் மேல் என் பெயரைக் கிரீமால் எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில். தமிழில் எழுதியிருக்கலாமே என்றேன். "அப்புறம் தாத்தா" என்றாள். அவளுடைய தமிழ் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது.

அன்று மத்தியானம்தான் நான் ஒரு பெண்ணைத் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேக் சாப்பிட்ட தட்டு கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். என்னிடம் படித்தவர்கள்கூட இருக்கலாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

திருமங்கலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மகளிடம் வந்தேன். இங்குள்ள தமிழர்கள் சிலர் சேர்ந்து, மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டின் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறார்கள். வாரம் ஒரு கட்டுரை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதுவது இணையத்தில் உள்ள ஒரு கருவியில். கைப்பேசி போதும். எழுத்துப் பிழை இருந்தால் அடியில் சிவப்புக் கோடு விழும், வாக்கியம் சரியில்லை என்றால் நீலக் கோடு. கோட்டைத் தொட்டால் என்ன தவறு, ஏன் தவறு என்று சொல்லும். திருத்தலாம், அல்லது வேண்டாம் என்று தள்ளிவிடலாம். முன்பு எழுதியது எதுவும் அழியாது, ஒவ்வொரு திருத்தமும் வரிசையாக இருக்கும். ஆண்டு முடிவில் நன்றாக எழுதியவர்களுக்குச் சென்னையில் ஆறு மாத அலுவலகப் பயிற்சி. அதற்குப் போன பெண்களில் ஊருக்கு வெறுங்கையோடு திரும்பியவர் குறைவு.

கட்டுரைகளை மதிப்பிடுபவர்கள் நாங்கள் பத்துப் பேர். வயதில் மூத்தவன் நான். திறமையிலும் என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கருவிகளைப் பற்றி ஊரில் பலர் முகம் சுளிக்கிறார்கள், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ஒரு வகுப்புக்கு அறுபது நோட்டு, ஐந்து வகுப்பு என்று திருத்தியவன் நான். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தான் என்ன எழுதினான் என்பதே பையனுக்கு மறந்திருக்கும். கருவி அந்த நிமிடமே சொல்கிறது. எத்தனை முறை தப்புச் செய்தாலும் சலித்துக்கொள்வதில்லை. தப்பாக எழுதியதை வகுப்பில் உரக்க வாசித்துச் சிரிக்க வைப்பதில்லை. நான் வாசித்திருக்கிறேன்.

இந்தக் கருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எழுதிய வரிகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் மஞ்சள் பூசிக் காட்டும்.

முத்துச்செல்வி அலங்காநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். கடைசி வருடம் பி.காம். வாரக் கட்டுரைகளில் அவளுடையவை சின்னதாக, சிவப்பும் நீலமுமாக இருக்கும். ஆண்டின் கடைசிக் கட்டுரைக்குத்தான் மதிப்பெண் அதிகம். தலைப்பு, மழை நாள். அவள் அனுப்பியதில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் மேலிருந்து கீழ்வரை மஞ்சள். அதே வரிகள் உள்ள நான்கு இடங்களின் முகவரிகள் அடியில் வரிசையாக இருந்தன.

நான் அந்த முகவரிகளைத் திறக்கவில்லை. கட்டுரையையும் வாசிக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் காப்பி பிடித்தவனுக்கு வாசித்துத்தான் தெரிய வேண்டுமா என்ற எண்ணம். "பிறர் எழுத்தைத் திருடியிருக்கிறார். நீக்கலாம்" என்று எழுதினேன். திட்டத்தின் செயலாளர் லதா ஒரு மணி நேரத்தில் அவளை நீக்கிவிட்டாள்.

3

மூன்றாம் நாள் மாயாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு வந்தது. ஊரில் அப்போது காலை நேரம். மாணவிகளும் மதிப்பிடுபவர்களும் நேராகப் பேசக்கூடாது என்பது விதி. இவள் என் எண்ணை எப்படியோ வாங்கியிருந்தாள். நடந்துகொண்டே கேட்டேன்.

"சார், நான் முத்துச்செல்வி. காப்பி அடிச்சேன்னு போட்டிருக்கீங்களாம். நான் எதையும் பாத்து எழுதல சார். போன்ல வேற எதையும் தொறக்கவும் இல்ல. ஒன்பதாவதுல இருந்து அது எனக்கு மனப்பாடம். பாத்து எழுதுனாத்தானே சார் காப்பி? இப்பவும் பாக்காமச் சொல்லுறேன், கேளுங்க."

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினாள். கமா வரும் இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம், வாக்கியம் முடியும் இடத்தில் கொஞ்சம் பெரிய நிறுத்தம். மாயா என் முகத்தைப் பார்த்தாள். யாரோ பிரார்த்தனை சொல்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான்காவது வாக்கியத்தில் ஒரு வயதான தபால்காரர் வந்தார். சைக்கிள் கைப்பிடியில் குடையைக் கட்டிக்கொண்டு, மழைத்தண்ணீர் நிறைந்த பள்ளம் தெரியாமல் விழுந்தார். பையில் இருந்த கடிதங்கள் காகிதக் கப்பல்களைப் போல மிதந்து போயின. தெருப் பிள்ளைகள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார்கள். மழை எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் என்று கட்டுரை முடிந்தது.

நான் ஒரு வீட்டுக் குட்டைச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தபால்காரரை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே, வருடம் தவறாமல், நோட்ஸ் சொல்லி அவரை அந்தப் பள்ளத்தில் தள்ளியவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து நான்கு முகவரிகளையும் திறந்தேன். எல்லாம் டியூஷன் சென்டர்களும் பள்ளிகளும் போட்டு வைத்த நோட்ஸ். எல்லாவற்றிலும் அவர் விழுந்துகொண்டிருந்தார்.

4

நான்கில் ஒன்று பாண்டியின் சென்டர். பாண்டி என்னிடம் திருமங்கலத்தில் படித்தவன். அலங்காநல்லூரில் பெண் எடுத்து, அங்கேயே டியூஷன் நடத்துகிறான். பொங்கலுக்கு மாடு அவிழ்க்கும் நாள்களில் சென்டரைப் பூட்டிவிட்டு வாடிவாசலில் நிற்பான். மற்ற நாளெல்லாம் ஒழுங்கான வாத்தியார். முத்துச்செல்வி அவனிடம்தான் படித்திருக்கிறாள். எண்ணைக் கொடுத்ததும் அவனே.

அன்று மாலையே கூப்பிட்டேன். என் தபால்காரர் உன் ஊருக்குக் குடிவந்துவிட்டாரா என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அவரு வந்து இருவது வருசமாச்சு சார். எங்க சென்டர்ல அவருதான் சீனியர்" என்றான்.

பிள்ளைகளைச் சொந்தமாக எழுதவிட்டிருக்கலாமே பாண்டி என்றேன். கேட்கும்போதே என் குரலில் பழைய வாத்தியார் இருந்தார்.

"கோவிச்சுக்கிறாதீங்க சார். ஒன்பதாவதுல நானும் சொந்தமா ஒண்ணு எழுதினேன், இதே மழைக்கு. நீங்க பக்கத்துக்குக் குறுக்க ஒரே கோடா இழுத்து, நோட்ஸ்ல உள்ளத எழுதுன்னு போட்டீங்க. நோட்டத் தூக்கி வகுப்புக்கே காமிச்சீங்க."

எனக்கு நினைவில்லை என்றேன். மழுப்பவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. நீ என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டேன்.

"அதுதான் சார், எனக்கும் மறந்துபோச்சு. உங்க தபால்காரரு மட்டும் அப்படியே இருக்காரு."

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்க முடியாமல் போனது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நோட்ஸ் சொல்வது என்றால் என்ன என்று இங்கே உள்ளவர்களுக்கு விளக்கினால் நம்ப மாட்டார்கள். உங்களுக்குத் தெரியும். கட்டுரையை ஆசிரியர் கமா, ஃபுல்ஸ்டாப் உட்படச் சொல்லுவார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மனப்பாடம் செய்து தேர்வில் இறக்கிவைப்பார்கள். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மதிப்பெண் போகும் என்று நான் சொல்லியிருக்கிறேன். காட்டு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேற வேண்டும், வேறு வழியில்லை என்பது என் நியாயம். அந்த நியாயத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, என் வகுப்பில் யாரும் தோற்கக்கூடாது என்ற என்னுடைய பெருமை. அவர்கள் தேறினார்கள், எனக்குத் தலைமையாசிரியர் சால்வை போட்டார்.

அந்தக் கணக்கில் முத்துச்செல்வி செய்தது என்ன? ஒரு சொல் பிசகாமல், எதையும் பார்க்காமல், நெஞ்சில் இருந்ததை எழுதினாள். நாங்கள் உழைப்பு என்றும் ஒழுக்கம் என்றும் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நான் போட்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த பெண்ணை நானே குற்றவாளி ஆக்கியிருந்தேன். கருவிமேல் பிழையில்லை. இந்த வரிகள் வேறு இடத்திலும் இருக்கின்றன என்று மட்டும்தான் அது சொன்னது. திருடி என்ற சொல் என்னுடையது.

வைக்கும் முன் பாண்டி சொன்னான்: "அந்தப் புள்ள அம்மா செங்கல் காளவாசல்ல கல்லு அறுக்குது சார். சென்னை கைவிட்டுப் போச்சுன்னா இவளும் அங்கதான் போகணும். அவுக அப்பாவும் இல்ல."

5

இந்த நாட்டுப் படிவங்களுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. வந்த புதிதில் எங்கள் தெருவில் குப்பை எடுக்கவில்லை என்று நகரசபைக்கு எழுதினேன், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விண்ணப்பக் கடிதத்தின் அச்சில். மிகவும் பணிவோடு தங்கள் மேலான கவனத்துக்கு, தயைகூர்ந்து, இந்த எளியவனின் இன்னலை என்றெல்லாம் போகும் ஆங்கிலம். மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் வாசுகியைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா பத்திரமாக இருக்கிறாரா, வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று விசாரித்திருக்கிறாள். வாசுகி ஒரு வாரம் சிரித்தாள். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று அன்றே யோசித்திருக்கலாம். கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

முத்துச்செல்வியைத் திரும்பச் சேர்க்க 'மதிப்பிட்டவரின் பிழை' என்று ஒரு படிவம் இருந்தது. பிழை என்ன என்ற கட்டத்தில் எழுதினேன்: நான் கட்டுரையை வாசிக்கவில்லை. நான் முகவரிகளைத் திறக்கவில்லை. நான் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. அனுப்பும் முன் அதே கருவியில் போட்டுப் பார்த்தேன். மூன்று வாக்கியமும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன, சேர்த்து எழுதலாம், தொனியைக் கொஞ்சம் மென்மையாக்கலாம் என்று யோசனை சொன்னது. வேண்டாம் என்று தள்ளினேன்.

அடுத்த கட்டம், மஞ்சளாகத் தெரியும் பகுதியை முதலில் எழுதியவர் யார் என்பது. என் பெயரைப் போட்டேன். அவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் அதைப் போடும்போது மனதில் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது, மறைக்கவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. எந்தத் தபால்காரரும் விழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்கு வந்தவர் இளவட்டம், சைக்கிளே கிடையாது, நடந்துதான் வருவார். குடை, பள்ளம், மிதக்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் என்னுடைய வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் கடிதங்களைப் பொறுக்கித் தரும் ஒரு வரி மட்டும் நான் சேர்த்தது. இத்தனை வருடத்தில் முழுவதும் என்னுடையது என்று நம்பியிருக்கிறேன். அவருக்கு யார் சொன்னார்களோ.

என் பெயரை அழித்துவிட்டு, "தெரியாது. எனக்கும் ஒருவர் சொன்னது" என்று எழுதினேன்.

லதா கோயம்புத்தூர்ப் பெண், என் மகள் வயது. படிவத்தைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். "அங்கிள், மறு ஆய்வுன்னு சும்மா ஒரு வார்த்தை போட்டா போதுமே. பிழைன்னு நீங்களே எழுதிட்டா உங்களை இனிமேல் மதிப்பீட்டுக் குழுவுல வச்சுக்க முடியாது. விதி அப்படி."

மறு ஆய்வு என்று போட்டால் அவள் பெயருக்கு நேரே உள்ள திருட்டு என்ற சொல் அப்படியே நிற்கும், பக்கத்தில் ஆய்வு செய்யப்பட்டது என்று மட்டும் சேரும். பிழை என்று போட்டால்தான் அது அழியும். விதி நல்ல விதி லதா, அதை எழுதின கமிட்டியில் நானும் இருந்தேன் என்றேன். படிவம் போனது. நான் குழுவிலிருந்து வெளியே வந்தேன்.

6

முடிவு நான்கு நாளில் வந்தது. முத்துச்செல்வி அதே தலைப்பில் புதிதாக எழுத வேண்டும். பத்து நாள் அவகாசம். கருவியிலேயே எழுத வேண்டும், எல்லாத் திருத்தமும் பதிவாகும். வேறு இருவர் வாசிப்பார்கள். மொழிக்கென்று வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் அவள் எட்ட வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. மனப்பாடத்தை எடுத்துவிட்டால் அவளிடம் இருக்கும் ஆங்கிலம் அந்த மதிப்பெண்ணைத் தொடுமா? அவளே எழுத வேண்டிய கட்டுரை, நான் உதவ முடியாது. இரண்டாம் நாள் பாண்டி கூப்பிட்டான். "சிவப்பா கொட்டிக் கெடக்கு சார். கருவி போடுற மார்க்கு பாதிகூட வரல." என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டேன். காளவாசலைப் பற்றியாம்.

ஐந்தாம் நாள் அவன் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. கடைசியில் மழையால் எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று முடித்துவிடு, அப்படி முடித்தால்தான் மதிப்பெண் விழும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அதற்கு அவள், "எத்தன வருசம் சார் அப்படியே எழுதுறது, எங்க வீட்டுல ஒரு தடவகூட யாரும் சந்தோசப்படல" என்றாளாம். அப்புறம், இதையெல்லாம் எழுதலாமா என்றும் அவனிடமே கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன பாண்டி?"

"எனக்கு என்ன சார் தெரியும். எழுதுன்னுட்டேன்."

பத்தாம் நாள் சாயங்காலம் அனுப்பினாள். அடுத்த வாரம் லதா ஒரே வரியில் எழுதியிருந்தாள்: முத்துச்செல்வி சென்னைக்குப் போகிறாள். கூடவே கட்டுரையையும், அதன் பழைய வடிவங்களையும் நான் வாசிக்க அனுப்பினாள். மொத்தம் ஒன்பது வடிவங்கள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வாசித்தேன். இந்த முறை ஒரு வரி விடாமல்.

பச்சைக் கல்லை வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னும் சூளைக்குப் போகவில்லை. தூரத்தில் அழகர்மலைப் பக்கம் இருட்டுகிறது. அம்மா தார்ப்பாயின் ஒரு முனையையும் அவள் மறுமுனையையும் பிடித்து ஓடுகிறார்கள். தார்ப்பாய் பாதிக் கல்லுக்குத்தான் வரும். எந்தப் பாதியை மூடுவது என்று அம்மா தீர்மானிக்க வேண்டும். அம்மா பக்கத்து வரிசைக்காரியின் கல்லையும் சேர்த்து மூடுகிறாள், ஏனென்றால் அந்தப் பெண் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். மழை விட்டபின் மூடாத கல்லெல்லாம் மறுபடி மண்ணாய்ப் போய்விட்டது. அம்மா அந்த மண்ணையே குழைத்து மறுநாள் அறுக்கிறாள்.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு வரியிலும் நான்கு கோடுகள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காரணத்தை வாசித்திருக்கிறாள். மூன்றாவது வடிவத்தில் செய்த தவறு ஐந்தாவதில் வரவில்லை. ஆனால் மண்ணாய்ப் போய்விட்டது என்ற இடத்தில் கருவி, கற்கள் சேதமடைந்தன என்று மாற்றச் சொல்லியிருக்கிறது. ஆறு வடிவங்களில் ஆறு முறை சொல்லியிருக்கிறது. ஆறு முறையும் அவள் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறாள்.

இதை நான் வகுப்பில் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குறுக்கே ஒரே கோடு.

மாயாவிடம் கட்டுரையைக் கொடுத்தேன். முழுதும் வாசித்துவிட்டு, மூடின பாதி யாருடையது தாத்தா என்று கேட்டாள். நான்கு சொல் சேர்ந்தாற்போல் தமிழில் அவள் பேசி வெகுநாளாயிற்று.

7

முத்துச்செல்வியிடம் நேராக மன்னிப்புக் கேட்காமல் இது முடியாது. நான் இப்போது குழுவில் இல்லை, எந்த விதியும் தடுக்காது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். பிறகு தாளைக் கிழித்துவிட்டு எண்ணை அழுத்தினேன். ஊரில் மதியம் இரண்டு மணி இருக்கும்.

"உன்னத் திருடின்னு எழுதினேன்மா. நீ எழுதினதை வாசிக்காமயே எழுதினேன். அந்த நோட்ஸைப் பரப்பினதும் நான்தான். ரெண்டும் என் தப்பு. என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. யாரோ ஒரு பெண் தூரத்தில் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும் சார்" என்றாள். "பாண்டி சார்ட்ட இம்புட்டுப் புள்ளைக படிக்குது. இன்னைக்குக் காலையிலயும் அதத்தான் ஒப்பிச்சுக்கிட்டு இருந்துச்சுக. அதுகளுக்கு யாரு சார் சொல்லுவா?"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன்.

"மழ வருது சார். அம்மா கூப்புடுது, கல்ல மூடணும். வாரேன் சார்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கைப்பேசியைக் கீழே வைக்காமல் பாண்டியின் எண்ணை அழுத்தினேன். சென்டரில் பிள்ளைகள் இருந்தால் என் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கச் சொன்னேன்.